நீங்கள் தூங்கும் அறை எத்தனை அடி?

இன்று இரவு படுக்கப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அறையில் தரை ஓடு பதித்திருந்தால் நீளவாக்கில் எத்தனை, அகலவாக்கில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஓரடி ஓடு என்றால் கணக்கு சுலபம். இரண்டடி ஓடு என்றால் இரட்டித்துக் கொள்ளவேண்டும். ஓடே இல்லை, சிமெண்டுத் தரைதான் என்றால் பாயை விரித்து அளக்கலாம். ஒரு ஆள் படுக்கும் பாய் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி இருக்கும்.

நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். வீடே அந்த ஒரு அறைதான் என்று இருந்து, வருவது 102-க்குக் குறைவாக இருந்தால், நீங்கள் படுத்திருப்பது கட்டிட விதியின் கண்ணில் குடியிருக்கும் அறையே அல்ல!

இந்திய தர நிர்ணய நிறுவனம் வெளியிடும் தேசிய கட்டிட விதித் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. முதலில் 1970-ல் வந்தது. பிறகு 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தி வெளியிட்டார்கள். அது ஒரு வழிகாட்டி. அதைத் தழுவி அந்தந்த ஊர் மாநகராட்சி தன் விதிகளை வகுத்துக்கொள்கிறது. மும்பையில் 1991-ல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளும், 2018-ல் அமலுக்கு வந்த புது விதிகளும் அப்படிப்பட்டவை.

விதித் தொகுப்பின்படி, ஒரே அறை உள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. அதுதான் நம் 102 சதுர அடி. அகலம் 2.4 மீட்டர், அதாவது ஏழே முக்கால் அடிக்குமேல். உயரம் 2.75 மீட்டர், ஒன்பது அடி. குளியலறை 1.8 சதுர மீட்டர். கழிப்பறை 1.1 சதுர மீட்டர், அதாவது நாலடிக்கு மூன்றடி. தனிச் சமையலறை என்றால் 5 சதுர மீட்டர்.

இதெல்லாம் பங்களாக்காரர்களுக்கு எழுதியது என்று நினைக்கவேண்டாம். இது அடிமட்ட அளவு. இதற்குக் கீழே போனால் மனிதன் தங்க லாயக்கில்லை என்று பொருள்.

ரெயில் பெட்டிக் கணக்கு

ரெயில்வேயில் குப்பை கொட்டுகிறவனுக்கு எதையும் பெட்டிக் கணக்கில்தான் அளக்கத் தோன்றும். பெரம்பூர் தொழிற்சாலையில் செய்த பழைய படுக்கை வசதிப் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 21 மீட்டர், அகலம் மூன்றேகால் மீட்டர். அதில் 72 பேருக்குப் படுக்கை. கழிப்பறை, நடைபாதை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் தலைக்குப் பத்து சதுர அடிதான் வரும்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நூறு சதுர அடி ரூமில் பத்துப் பேர் தங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தலைக்குப் பத்து சதுர அடி. ரெயில் பெட்டிக்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. பெட்டியில் ஒவ்வொரு அடைப்புக்கும் இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறது. வண்டி ஓட ஓட காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. நாகர்கோவில் வண்டி என்றாலும் ஒன்றரை நாளில் இறங்கிவிடுகிறோம். ரூமில் இருந்து இறங்குவது எப்போது? பத்து வருடம், இருபது வருடம் கழித்து.

பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போனதும் இரவு ஷிப்டுக்காரர் வந்து அதே பாயில் படுக்கிற ரூம்களும் உண்டு. அங்கே பாய் ஆறுவதே இல்லை.

சொந்த மாநிலத்தைவிட்டு வேலைக்கு வருகிறவர்களை ஒப்பந்தக்காரர் எப்படித் தங்கவைக்கவேண்டும் என்பதற்கும் ஒரு விதி இருந்தது. பலருக்கும் தெரியாது. 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. 1980-ல் அதற்கு மத்திய அரசு விதிகள் எழுதியது. குடும்பத்தோடு வந்தவருக்குப் பத்து சதுர மீட்டருக்குக் குறையாத ஓர் அறை, தாழ்வாரம், சமையலுக்குத் தனி இடம். தனியாள் என்றால் தங்கும் கொட்டகையில் பத்துப் பேருக்குமேல் கூடாது. தலைக்கு ஆறரை சதுர மீட்டர் வேண்டும். ஆறரை மீட்டர் என்றால் 70 சதுர அடி! அந்தச் சட்டம் பிறகு 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. அது தனியாக உயிரோடு இருந்த நாற்பது வருடத்தில், கட்டிட வேலைக்கு வந்த நம்மவர்களில் எத்தனை பேர் 70 சதுர அடியில் கால் நீட்டிப் படுத்தார்கள் என்று அவரவர் மேஸ்திரியைத்தான் கேட்கவேண்டும்.

கொள்ளை நோய் கொண்டுவந்த விதி

இந்த அளவுகளையெல்லாம் யாரோ அதிகாரி பொழுதுபோகாமல் எழுதிவிடவில்லை. சவத்தை எண்ணி எழுதியவை.

1896-ல் அன்றைய பம்பாயில் பிளேக் நோய் வந்தது. மாண்ட்வி பகுதியில் அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். துறைமுகத்தை ஒட்டிய நெருக்கமான சால்களில், வெளிச்சமே புகாத உள்ளறைகளில், ஜனங்கள் கொத்துக் கொத்தாய் செத்தார்கள். ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியவர்கள் பல லட்சம். 1898-ல் அரசு பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத சந்துகளை இடித்து அகலமான சாலை போடுவது, புதிய குடியிருப்பு மனைகளைத் திருத்துவது அதன் வேலை.

அந்த டிரஸ்டில் அதிகாரியாக இருந்த ஜே.பி. ஆர் என்பவர் வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு வைத்தார். அறுபத்து மூன்றரை டிகிரி கணக்கு என்று அதற்குப் பெயர். கீழ்த்தள அறையின் சுவரடியில் நின்று எதிர்க் கட்டிடத்தின் உச்சியைப் பார்த்தால், பார்வை அறுபத்து மூன்றரை டிகிரிக்குமேல் நிமிரக்கூடாது. சுலபமாகச் சொன்னால், எதிரே நிற்கும் கட்டிடம் எவ்வளவு உயரமோ அதில் பாதியளவு இடைவெளியாவது நடுவில் இருக்கவேண்டும். அறுபதடிக் கட்டிடம் என்றால் முப்பதடி இடைவெளி. அப்போதுதான் கீழ்த்தளத்து அறைக்கு வானம் தெரியும்.

இதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. அந்த டிரஸ்ட் மனை பிரித்து ஏற்படுத்திய பகுதிகளில் ஒன்றுதான் தாதர்-மாட்டுங்கா. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே வந்து குடியேறியவர்களில் கணிசமானோர் தமிழர்கள். ஆபீஸ் குமாஸ்தாக்கள், கணக்கர்கள். வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்ற புது ஏற்பாட்டுக்கு முதலில் முகம் சுளித்துப் பிறகு பழகிக்கொண்டவர்களும் அவர்கள்தான். இன்றும் மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களுக்கிடையே நடந்து பாருங்கள். தெரு அகலமாக இருக்கும். கட்டிடத்தைச் சுற்றிக் காற்று நடமாடும்.

அங்கிருந்து ரெயில் பாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் தாராவி. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் மாட்டுங்காக்காரர்களுக்கு முந்தியே அங்கே குடியேறிவிட்டார்கள். ஆனால் அந்த மண்ணில் யாரும் மனை பிரிக்கவில்லை, சாலை போடவில்லை. இரண்டு பக்கமும் தமிழர்தான். ஒரு பக்கம் விதி வந்தது, மறுபக்கம் வரவில்லை.

கதவு கணக்கில் சேராது

"ஜன்னல் எதுக்கு அண்ணாச்சி? பகல்ல ரூம்ல யாரு இருக்கா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். ஏழு பேர் தங்கியிருக்கும் ரூம். ஜன்னல் இருந்த இடத்தில் பலகை அடித்து அதன்மேல் துணி மாட்டும் கம்பி கட்டியிருந்தார்கள்.

பகலில் யாரும் இல்லாததால்தான் ஜன்னல் வேண்டும். ஏழு பேர் இரவெல்லாம் விட்ட மூச்சும், துவைத்துப் போட்ட துணியின் ஈரமும் பகலில் வெளியேறியாக வேண்டும். மின்விசிறி புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது.

மும்பை போன்ற ஈரப்பதமும் வெக்கையும் சேர்ந்த ஊருக்கு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும் என்கிறது விதி. டில்லிப் பக்கத்து வறண்ட வெயிலுக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். குளிர் நாட்டுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. நம் 102 சதுர அடி அறைக்கு 17 சதுர அடி. நாலடிக்கு நாலடி ஜன்னலைவிடக் கொஞ்சம் பெரிது.

இந்தக் கணக்கில் கதவைச் சேர்க்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். இது பலர் கவனிக்காத இடம். 'கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறோமே' என்பது நம்மவர்கள் சொல்லும் வழக்கமான பதில். ராத்திரி பத்து மணிக்குமேல் கதவைத் திறந்து வைத்துத் தூங்க எந்தப் பேட்டையில் முடியும்? ஆள் தூங்கும் எட்டு மணி நேரமும் கதவு சாத்தித்தான் இருக்கும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜன்னல் திறக்கும் இடமும் முக்கியம். அது வெளிவானத்துக்கோ திறந்த தாழ்வாரத்துக்கோ திறக்கவேண்டும். அடுத்த ரூமுக்குத் திறக்கும் ஜன்னல் ஜன்னல் அல்ல. ஜன்னலிலிருந்து ஏழரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் பகுதிக்கு வெளிச்சம் உண்டு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்றும் விதி சொல்கிறது.

பழைய சால்களில் முன்பக்கம் நீளமாக ஒரு தாழ்வாரம் ஓடும். அறைகளின் மூச்சுக்குழல் அதுதான். இன்று ஒவ்வொருவரும் தன் வாசலுக்கு முன்னே உள்ள பகுதியைத் தகரமும் கண்ணாடியும் வைத்து அடைத்து நாலடி கூட்டிக்கொள்கிறார்கள். கூடியது நாலடி, போனது உள்ளறையின் காற்று. சால் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினால் சண்டை வரும் என்பது எனக்கும் தெரியும்.

ஜன்னலே வைக்க முடியாத ரூமில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கதவுக்கு மேலே ஓரடி உயரத்துக்குச் சுவரை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடலாம். எதிர்ச் சுவரிலும் உயரத்தில் ஒரு திறப்பு இருந்தால் இன்னும் நல்லது. காற்று ஒரு வழியாக வந்து மறுவழியாகப் போகும். செலவு, ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலி.

மாலாவில் படுப்பவர்கள்

மும்பையில் ரூமுக்குள் பலகையோ இரும்போ போட்டு மேலே ஒரு தட்டு அடிப்பதை மாலா என்கிறோம். ஊர்ப் பரண்தான். ஆனால் ஊரில் பரணில் வெங்கலப் பானையை வைத்தோம். இங்கே ஆளைப் படுக்க வைக்கிறோம்.

விதி இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. ஐந்தடிக்குள் உயரமுள்ள தட்டு சாமான் வைக்கும் இடம். மனிதன் தங்கும் இடைத்தளம் என்றால் தலைக்குமேல் 2.2 மீட்டர், அதாவது ஏழடிக்குமேல் உயரம் வேண்டும். பரப்பு அங்கேயும் 9.5 சதுர மீட்டர். ஏணி வைத்து ஏறி, குனிந்தபடியே போய்ப் படுக்கும் இடம் எதுவும் இதில் தேறாது.

ஏன் இந்தக் கண்டிப்பு? புகை மேலேதான் போகும். கீழே தீப்பிடித்தால் முதலில் மூச்சுத் திணறுவது மாலாவில் இருப்பவன். அவனுக்கு இறங்க இருக்கும் ஒரே வழியும் தீயின் பக்கம்தான் இருக்கும். 2017 டிசம்பர் 18-ந் தேதி அதிகாலையில் சாக்கிநாக்கா கைரானி ரோட்டில் ஒரு பலகாரக் கடையில் தீப்பிடித்தது. உள்ளே தட்டில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 12 பேர் இறந்தார்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுத்தால் வாடகை மிச்சம், முதலாளிக்கும் காவல் ஆச்சு என்ற ஏற்பாடு மும்பை முழுக்க உண்டு. இட்லி மாவு அரைக்கும் இடத்திலும், தோல் பை தைக்கும் காலாவிலும் நம் பையன்கள் இன்றும் அப்படித்தான் படுக்கிறார்கள். சில இடங்களில் ராத்திரி வெளியிலிருந்து ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள் என்பதுதான் கொடுமை. வேறு எதற்கு விட்டுக்கொடுத்தாலும் இதற்கு விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளிருந்து திறக்க முடியாத இடத்தில் படுக்காதீர்கள்.

மாடி வீட்டுக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஜன்னலுக்கு வெளியே பெட்டி மாதிரி கிரில் அடித்துத் துளசிச் செடியும் பழைய டின்னும் வைத்திருக்கிறோம். திருடனுக்குப் பயந்து போட்டது, தீயில் நம்மையே பூட்டிவிடும். கிரில்லில் ஒரு கதவு வைக்கச் சொல்லுங்கள். பூட்டுச் சாவியைப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுங்கள்.

குளியலறைக்கு ஏன் ஜன்னல்?

குளியலறையும் கழிப்பறையும் ஒரு பக்கமாவது வெளிக்காற்றைத் தொடவேண்டும், குறைந்தது 0.3 சதுர மீட்டர் திறப்பு வேண்டும் என்பது மும்பை விதி. ஏறக்குறைய மூன்றேகால் சதுர அடி. நாற்றம் போவதற்காக என்று நாம் நினைக்கிறோம். கியாஸ் கெய்சர் வந்த பிறகு அது உயிர் காக்கும் ஓட்டை ஆகிவிட்டது.

கியாஸ் எரியக் காற்று வேண்டும். சின்னக் குளியலறையில் கதவையும் சாத்தி, மழைச்சாரல் வருகிறது என்று ஜன்னலில் பிளாஸ்டிக் ஷீட்டும் ஒட்டிவிட்டால், காற்றுப் போதாமல் கியாஸ் அரைகுறையாக எரிகிறது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிப்பவர் மயங்கி விழுவார். வெளியே இருப்பவர் 'இன்னும் குளிக்கிறார்' என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாவுச் செய்தி பத்திரிகையில் வருகிறது. கெய்சரைக் குளியலறைக்கு வெளியே, காற்று நடமாடும் இடத்தில் மாட்டி, குழாய் வழியே வெந்நீரைக் கொண்டுபோவதே சரி.

நானி டிராப்பில் இரண்டு அங்குலத் தண்ணீர்

மும்பை ரூமின் மூலையில் பாத்திரம் கழுவ, கை கால் கழுவ ஒரு மோரி இருக்கும். அதன் ஓட்டைக்குக் கீழே பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் ஒரு கிண்ணம் உண்டு. அதைக் கழற்றிப் பார்த்தால் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அடைப்பு என்று நினைத்து அதைக் குத்தி எடுப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் காவல்காரன். சாக்கடைக் குழாயிலிருந்து வாயுவும் கரப்பானும் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அதுதான். ஐம்பது மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குல ஆழத்துக்கு அந்தத் தண்ணீர் நிற்கவேண்டும் என்பது விதி.

பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு நாற்றம் அடிக்கிறதே, ஏன்? டிராப்பில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது. வந்ததும் முதல் வேலையாக ஒரு வாளி தண்ணீரை மோரியில் ஊற்றுங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், வாரம் ஒருமுறை ஒரு செம்பு ஊற்றச் சொல்லிவிட்டுப் போகலாம்.

நாற்றத்தோடு போவதில்லை விஷயம். 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறு பேருக்குமேல் அது தொற்றியது. விசாரித்தபோது, தரையிலிருந்த டிராப்புகளில் தண்ணீர் வற்றிப்போய், கழிவுக்குழாய் வழியே கிருமி வீட்டுக்கு வீடு ஏறியிருக்கிறது என்று தெரிந்தது. மாடிக் கட்டிடத்தில் எல்லோருக்கும் ஒரே குழாய்தான். அந்தக் குழாய்க்கு மொட்டை மாடியில் ஒரு திறந்த வாய் இருக்கவேண்டும். வாயு அப்படி வெளியேறினால்தான் டிராப்பில் தண்ணீர் நிற்கும். மொட்டை மாடியில் ஷெட் போடுகிறவர்கள் முதலில் அடைப்பது இந்த வாயைத்தான்!

குடிதண்ணீர்க் குழாய்க்கு வேறு ஆபத்து. மும்பையில் பெரும்பாலான இடங்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரம் குழாய் காலி. காலிக் குழாய் உறிஞ்சும். சாக்கடைக்குள் கிடக்கும் குழாயில் ஊசி ஓட்டை இருந்தாலும் அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயில் நேராக மோட்டார் வைத்து இழுப்பவர்கள் இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்கிறார்கள். தண்ணீர் வந்ததும் முதல் இரண்டு குடத்தைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டு, பிறகு குடிக்கப் பிடிப்பது நம் தாய்மார்கள் தாங்களே கண்டுபிடித்த நல்ல வழக்கம். காய்ச்சிக் குடிப்பது அதைவிட நல்லது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு மட்டும். குடிசைப் பகுதிக்கு மாநகராட்சி நெடுங்காலம் வைத்திருந்த கணக்கோ தலைக்கு மொத்தமே 45 லிட்டர்! 2000-க்குப் பிறகு வந்த குடிசைகளுக்கு அதுவும் இல்லை என்றிருந்தது. பானி ஹக் சமிதி என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2014 டிசம்பரில் பம்பாய் ஐகோர்ட்டு, தண்ணீர் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது, குடிசை சட்டவிரோதமானாலும் தண்ணீரை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2022-ல் மாநகராட்சி எல்லோருக்கும் தண்ணீர் என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. குழாய் இணைப்பு இல்லாதவர்கள் வார்டு ஆபீசில் இந்தப் பெயரைச் சொல்லி விண்ணப்பம் கேட்கலாம்.

அப்படியானால் விதி யாருக்கு?

நியாயமான கேள்வி. இந்த அளவுகள் புதிதாகப் பிளான் போட்டு அனுமதி வாங்கும் கட்டிடத்துக்குத்தான் பொருந்தும். நூறு வருடத்துச் சாலையோ, அனுமதியே இல்லாத குடிசையையோ இதைக் காட்டி மாற்ற முடியாது. விதியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனால், "வேறு இடம் பார்த்துக்கொள்" என்பதுதான் பதிலாக வரும். ஆகவே சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. டெபாசிட் கொடுக்கும் முன் ரூமைப் பார்க்கப் போகிறோமே, அப்போது வாடகையைக் கேட்பதோடு ஜன்னலையும் அளந்து பாருங்கள் என்கிறேன்.

உண்மையில் இந்தக் கணக்கு நம்மவர்களுக்குப் பயன்படப் போவது வேறு இடத்தில். குடிசைகளும் சால்களும் இடிந்து மாடிக் கட்டிடங்கள் எழும்பும் காலம் இது. 1995-ல் தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் முதலில் 225 சதுர அடி வீடு கொடுத்தார்கள். பிறகு 269 ஆயிற்று. 2018 விதிகளில் 300 ஆயிற்று. தாராவி மறுசீரமைப்பில் 2000-க்கு முன் வந்த தகுதியுள்ள தரைத்தளக் குடும்பத்துக்கு 350 சதுர அடி என்று அறிவித்திருக்கிறார்கள். மாடி ரூமில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை முறையில் 300 சதுர அடி. நம்மவர்களில் பலர் மாடி ரூமில்தான் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கூட்டங்களில் எல்லோரும் சதுர அடியைப் பற்றியே பேசுகிறார்கள். 350 போதாது, 500 வேண்டும் என்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. குடிசை மறுவாழ்வுக் கட்டிடங்களுக்கு இந்த இடைவெளியில்தான் விதியைத் தளர்த்திச் சலுகை கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சலுகையின் விலை என்ன என்பது 2018-ல் வெளிவந்தது. மான்கூர்டு-கோவண்டி பகுதியில் உள்ள லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பி.எம்.ஜி. காலனி என்ற மூன்று குடியிருப்புகளில் டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற தொண்டு நிறுவனம் ஆய்வு செய்தது. மூன்றிலும் இருப்பவர்கள் குடிசையிலிருந்து மாற்றப்பட்டவர்களே. ஆனால் காசநோய் முதல் இரண்டில் பி.எம்.ஜி. காலனியைவிடப் பல மடங்கு. நட்வர் பாரேக்கில் கட்டிடங்களுக்கிடையே மூன்று மீட்டர்தான் இடைவெளி. கீழ்மாடிகளில் வெயிலும் காற்றும் எட்டவில்லை. காசநோய்க் கிருமி வெயிலில் சாகும். இருட்டறையில் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். சுமார் எழுபதடி உயரக் கட்டிடத்துக்கு அன்றைய ஆர் துரை கணக்கில் முப்பத்தைந்து அடி இடைவெளி வேண்டும். இங்கே பத்தடி. பிளேக்குக்குப் பயந்து எழுதிய கணக்கை நூறு வருடம் கழித்து மறந்ததற்குக் காசநோய் ரசீது கொடுத்திருக்கிறது.

உங்கள் சொசைட்டியில் பில்டர் பிளானைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தால், படத்தில் போட்டிருக்கும் நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். மாநகராட்சியோ குடிசை மறுவாழ்வு ஆணையமோ முத்திரை வைத்த பிளான்தானா என்று முதலில் பாருங்கள். அதில் உங்கள் கட்டிடத்துக்கும் எதிர்க் கட்டிடத்துக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். படுக்கை அறை ஜன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது, குளியலறை ஜன்னல் கட்டிடத்துக்குள் இருக்கும் குழிக்குள் திறக்கிறதா, வெளியே திறக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் குழிக்குள் இறங்கிக் குழாயைப் பழுது பார்க்கவும் குப்பை எடுக்கவும் வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வழியில்லாத குழி இரண்டே வருடத்தில் குப்பைக் கிணறு ஆகிவிடும். சொன்ன பதிலைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் மீட்டர் கணக்கோடு எழுதச் சொல்லி, பில்டரின் ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குலுக்கலில் கீழ்மாடி விழுகிறவர் யார் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.